ரெண்டு வாட்டி மேடம்

அவர் யாரையும் நம்பமாட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மனிதர்களைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. அவர் நம்பாதது எண்களை. சுவர்க் கடிகாரம், காய்கறிக் கடைத் தராசு, மின்சார மீட்டர், பஸ் டிக்கெட், கடைசியில் தன் கையால் தானே எழுதிய எண், எல்லாமே அவருக்கு ஒன்றுதான். ஒரு தடவை பார்த்துவிட்டு எதையும் ஒத்துக்கொள்ளமாட்டார். "ரெண்டு வாட்டி பாரு" என்பார். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ரெண்டு வாட்டி மேடம் என்று பெயர். கேலிக்காக அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

அலுவலகம் வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே கடை, மேலே அலுவலகம், இரண்டுக்கும் ஒரே முதலாளி. அவர் அப்பா காலத்தில் எவர்சில்வர் மட்டும்தான். இவர் காலத்தில் கேபிள் டிவி சேர்ந்தது. பிறகு ஊரே செல்போனும் கையுமாக ஆனதும் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கினார். "நெட்டு வரல" என்று யாராவது போன் செய்தால், "பொட்டியில லைட்டு எரியுதா, சிவப்பா பச்சையா" என்று கேட்பது என் வேலை. உள்ளறையில் இருக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என்னை அவர் "இன்னாபா" என்று கூப்பிடுவார். நான் அவரை மேடம் என்பேன். முதலில் அதுவும் கேலியாகத்தான் ஆரம்பித்தது.

அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டுமானால் இந்த முகவரி விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. பழைய வகை முகவரி என்றால் நான்கு எண்கள், நடுவில் புள்ளி, அவ்வளவுதான். உலகத்தில் அந்த வகை தீர்ந்துபோய்விட்டது என்று புதிய வகையைக் கொண்டுவந்தார்கள். அது எட்டுக் கட்டம். எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து ரயில் மாதிரி நீளும். அதில் கணக்கு பத்துப் பத்தாக ஓடாது, பதினாறு பதினாறாக ஓடும். ஒன்பதுக்கு அப்புறம் ஏ வரும், பி வரும், எஃப் வரை போகும். அதற்கும் அப்புறம்தான் ஒன்று, பூஜ்யம் என்று எழுதுவார்கள். பார்த்தால் பத்து என்று தெரியும், மதிப்போ பதினாறு.

எங்கள் தலையெழுத்து என்னவென்றால், உள்ளறை மிஷின் எல்லாவற்றையும் புதிய வகையில் எழுதியது. எந்த முகவரி யார் வீடு என்று சொல்லும் ரிஜிஸ்தர் மட்டும் பழைய வகையில் இருந்தது. முதலாளிக்கு அந்த நீளக் காகிதக் கட்டு மேல் ஒரு பாசம், மாற்றவே விடவில்லை. ஆகவே மிஷின் சொல்லும் முகவரியின் கடைசி இரண்டு கட்டங்களை எடுத்து, அதைப் பழைய நான்கு எண்களாக மாற்றி, பிறகு ரிஜிஸ்தரைப் புரட்டினால்தான் கெட்டுப்போன லைன் யாருடையது என்று தெரியும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது முறை இந்த மாற்று வேலை நடக்கும்.

இதைச் செய்ய வெப்சைட் இருக்கிறது. எழுதினால் அதுவே மாற்றிக் கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது யாருதுபா?"

"யாருதுன்னா? சும்மா ப்ரீயா வுட்டு வெச்சிருக்கான் மேடம்."

"எவனோ ஒருத்தன். அவனாண்ட நம்ம ஊரு வூட்டு அட்ரஸ ஒண்ணொண்ணா ஒப்பிச்சிகினு இருக்கிற. ப்ரீயா குடுக்கறான்னா அவனுக்கு இன்னா வருதுன்னு யோசிச்சியா?"

யோசித்ததில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கத்தை அவரே மூடினார். அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் எல்லா மாற்றமும் கையால்தான்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருப்பார். மாற்றுகிற கணக்கெல்லாம் அந்தத் தாள்களின் முதுகில்தான். பதினாறாம் வாய்ப்பாடு அவர் வாயில் சதா ஓடிக்கொண்டிருக்கும். "ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரெண்டு" என்று உதடு அசைவதைப் பார்த்து, மாடிக்கு வருகிற சில பெண்கள் ஏதோ ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்துக் காத்து நிற்பார்கள். மாற்றி முடித்தாலும் வேலை முடியாது. வந்த பழைய முகவரியை மறுபடி புதியதாக மாற்றுவார். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் தலையாட்டுவார். "போன வழியில திரும்பி வரணும். வரலன்னா எங்கயோ பொய் சொல்லியிருக்குது" என்பார். பொய் சொன்னது யார் என்று நான் கேட்டதில்லை. எண் என்று சொன்னாலும் சொல்வார்.

எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. ஒரு முறை அவர் இல்லாத நேரத்தில் ஒரு முகவரியை நானே அவசரமாக மாற்றி, இருபதாம் நம்பர் வீடு என்று லைன்மேனை அனுப்பிவிட்டேன். அவன் போய், பழுதே இல்லாத வீட்டில் பெட்டியைக் கழற்றினான். அந்த வீட்டுப் பெரியவர் அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு பாதியில் அறுந்துபோன கோபத்தில் அவர் லைன்மேனை ஏணியோடு தெருமுனை வரை துரத்தினார். விஷயம் என்னவென்றால் மிஷின் எழுதியது இரண்டு, பூஜ்யம். நான் இருபது என்று படித்தேன். பதினாறுக் கணக்கில் அது முப்பத்திரண்டு.

மேடம் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார்.

"எழுத்து வந்தா முழிச்சிக்குவ. ஏ, பி, சின்னு இருந்தா, ஓகோ இத மாத்தணும்னு தோணும். வெறும் நம்பரு வந்தா நமக்குத் தெரிஞ்ச நம்பருதானேன்னு நெனச்சிடுவ. அங்கதான் மாட்டுவ. தெரிஞ்ச மாதிரி இருக்குது பாரு, அதத்தான் ரெண்டு வாட்டி பாக்கணும்."

சரி மேடம் என்றேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

ஊரில் அவரைப் பற்றி வேறு ஒரு பேச்சும் உண்டு. எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், எல்லாம் எழுதி வைத்திருக்கிறது, என்றைக்காவது எடுத்து விடும். ரேஷன் கடை வரிசையில் அவர் வந்து நின்றால் பேச்சு குறையும் என்று என் மனைவி சொல்வாள். ஒரு முறை பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மாடியேறி வந்து, சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் கேட்டேவிட்டார்.

"எங்க வூட்ல இன்னா பாக்குறாங்கன்னு உங்களுக்கு அங்க தெரியுமாமே?"

"எந்த வூட்லேர்ந்து எத்தனை மணிக்கு வெளிய போறாங்கன்னு தெரியும் சார். எங்க போறாங்கன்னு நான் பின்னால போறதில்ல."

வாத்தியாருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. அந்த ரிஜிஸ்தரை வேலை நேரம் முடிந்ததும் அவர் பூட்டிவிடுவார். சாவி அவர் கைப்பையில். எங்கள் வீட்டு முகவரியும் அதில் ஒரு வரியாக இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு மாதிரி இருக்கும்.

அவர் வேலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அரியாங்குப்பம் பக்கம் குடிபோய்விட்டார் என்று கேள்வி. இப்போது உள்ளறையில் வேறு மிஷின். அதுவே மாற்றி, அதுவே வீட்டுப் பெயரையும் சொல்லிவிடுகிறது. நான் மட்டும் காலண்டர் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். புதிதாக வந்த பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாளோ.

அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் இருந்தது அக்காவும் தம்பியும்தான். மேடம் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவன் ஒரு காரணம் என்று பேசிக்கொள்வார்கள். படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். பார்க்க லட்சணமாக, மரியாதையாகப் பேசுவான். காலையில் அக்காவை வண்டியில் கொண்டுவந்து விடுவான், சாயங்காலம் வந்து கூட்டிப்போவான். வேறு யார் வண்டியில் ஏறுவதென்றாலும் மேடம் முதலில் குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார். என் வண்டியில் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது முள்ளைப் பார்த்தது போதாமல் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்த்தார். தம்பி வண்டியில் மட்டும், அவன் "போட்டுட்டன்க்கா" என்று சொன்னால் போதும், புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"தம்பி வண்டிய மட்டும் செக் பண்ணமாட்டீங்களா மேடம்?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"நான் வளத்ததுபா அது" என்றார். அவர் ஒரு தடவைகூடச் சரிபார்க்காமல் சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் ஒரே வாக்கியம் அதுதான்.

ஒரு வருடம் தேரோட்டத்துக்கு முன்னால் ஒரு அசிங்கம் நடந்தது. எங்கள் மூன்றாவது லைன் ஆற்றங்கரைப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். யாரோ அவள் பெயரிலேயே ஒரு பொய்ப் பக்கம் தொடங்கி, அவள் படங்களைப் போட்டு, பக்கத்தில் வாயால் சொல்லமுடியாததை எல்லாம் எழுதி, அவள் போன் நம்பரையும் சேர்த்துவிட்டார்கள். கண்டவனெல்லாம் போன் செய்ய ஆரம்பித்தான். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பா போலீசில் எழுதிக்கொடுத்தார்.

ஊர் உடனே ஒரு பேரைப் பிடித்துக்கொண்டது. அதே மூன்றாவது லைனில் ஒரு பெயிண்டர் பையன். அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, விசாவுக்குக் காத்திருந்தான். அந்த நர்ஸ் பஸ் ஏறும் நிறுத்தத்தில் அவனை யாரோ பார்த்தார்களாம். எல்லாரும் ஏறுகிற நிறுத்தம்தான் அது. எனக்கும் அவனைப் பிடிக்காது. நெட் வராவிட்டால் மாடியேறி வந்து கத்துவான். ஒரு தடவை என் மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறான். பேச்சு காதில் விழுந்ததுமே எனக்கும் அவன்தான் என்று பட்டுவிட்டது.

தேர் அன்று கடைத்தெருவில் ஈ நுழைய இடமில்லை. தேர் போகிற வழியில் குறுக்கே கட்டியிருக்கும் ஒயர்களை எல்லாம் அவிழ்த்து இறக்கவேண்டும், தேர் தாண்டியதும் திரும்பக் கட்டவேண்டும். எங்கள் லைன்மேன்களுக்கு வருடத்திலேயே கஷ்டமான நாள் அது. எந்த ஒயரை எங்கே அவிழ்த்தோம் என்று அவர்கள் சொல்வதை மேடம் நம்பமாட்டார், ஒவ்வொரு கம்பமாகத் தானே போய் நின்று எண்ணுவார். அதனால் அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் கடிதத்தோடு வந்தார். அந்தப் பொய்ப் பக்கத்தைத் தொடங்கியது எங்கள் இணைப்பிலிருந்துதான் என்று தெரிந்துவிட்டது, இந்தத் தேதியில் இந்த நேரத்தில் எந்த வீடு என்று நாங்கள் சொல்லவேண்டும். கீழே கடையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். போலீஸ் வண்டி வாசலில் நின்றால் பாத்திரம் வாங்க யார் வருவார்கள் என்பது அவர் கவலை.

"சட்டுனு பாத்துச் சொல்லுபா. வாசல்ல வண்டி நிக்குது."

மிஷினில் தேடினேன். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வரி வந்தது. கடைசி இரண்டு கட்டங்களைக் குறித்துக்கொண்டேன். முன் கட்டம் எங்கள் ஊர் முகவரிகளுக்கு எல்லாம் பொது. அடுத்த கட்டத்தில் 312 என்று இருந்தது. முதலில் இருக்கும் மூன்று லைன் நம்பர், அதாவது மூன்றாவது லைன். அடுத்த இரண்டும் வீட்டு நம்பர், பன்னிரண்டு. மேடம் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போயிருந்த ரிஜிஸ்தரைப் புரட்டினேன். மூன்றாவது லைன், பன்னிரண்டு. பெயிண்டர் வீடு.

எனக்கு உடம்பில் ஒரு சந்தோஷம் ஓடியது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். நினைத்தது சரியாகப்போய்விட்டது என்கிற சந்தோஷம். சொல்லிவிட்டேன். வந்தவர் பேரைக் குறித்துக்கொண்டு, மிஷின் பார்ப்பவர் கையெழுத்துப் போட்ட கடிதம் நாளைக் காலையில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேடம் தலையெல்லாம் புழுதியாக மாடியேறி வந்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். நான் டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். கையெழுத்துப் போடாமல் காலண்டர் தாளை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது.

"மேடம், ஊருக்கே தெரிஞ்ச விஷயம். இதப் போயி ரெண்டு வாட்டியா?"

எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பேனா நின்றது. அடுத்த தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினார். அதுவும் நின்றது. ரிஜிஸ்தரைத் திறந்து மூன்றாவது லைன் பக்கத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெயிண்டரின் அம்மா மேலே வந்தார். ஓடிவந்த மூச்சு அடங்கவில்லை. பையனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, நாளைக் காலையில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"யப்பா, கேஸுன்னு ஒண்ணு எழுதிட்டா அவன் வெளியூரு போவமுடியாதாமே. அந்த நர்ஸுப் பொண்ணு வூடு எங்கன்னுகூட அவனுக்குத் தெரியாதுபா. கம்ப்யூட்டரு சொல்லுச்சின்னு சொல்றாங்க. கம்ப்யூட்டரு இன்னாத்த கண்டுது? நீ கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

நான் போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். மேடம்தான் எழுந்து வந்தார்.

"வூட்டுக்குப் போம்மா. காலையில வரைக்கும் பொறுத்துக்கோ. நான் பாத்துக்கறன்."

"சாமி சத்தியமா சொல்றியாம்மா?"

"வூட்டுக்குப் போ" என்றார் மறுபடி. முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த அம்மா போனதும் மேடம் கடிதத்தையும் ரிஜிஸ்தரையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். ரிஜிஸ்தரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நான் பார்த்ததே இல்லை.

"அத எங்க எடுத்துகினு போறீங்க?"

"காலையில குடுக்கறன்."

"தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்களேன். சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க."

என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே தம்பியின் வண்டி ஹாரன் அடித்தது. இறங்கிப்போய்விட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. மேடமும் மூன்றாவது லைன்தான். பெயிண்டர் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஐந்தாறு வீடுதான். அக்கம்பக்கத்துப் பாசம், அந்த அம்மாவின் அழுகை, ரிஜிஸ்தரில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஊர் சொன்னது சரிதான், எல்லாம் இந்த அம்மா கையில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. முதலாளியிடம் போய், "மேடம் ரிஜிஸ்தர எடுத்துகினு போயிட்டாங்க, எனக்கென்னவோ நல்லதாப் படல" என்று சொன்னேன். இத்தனை வருடம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்த மனுஷியைப் பற்றி அப்படிச் சொன்னேன். முதலாளி அவருக்கு இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

மறுநாள் காலை நானும் முதலாளியும் அவருக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தோம். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். தம்பியின் வண்டி வந்து நின்றது. மேடம் இறங்கினார். இறங்கியவர் நேராக மாடிக்கு வரவில்லை. குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வழக்கமாக அவரை விட்டதும் திரும்பிவிடும் தம்பி அன்றைக்கு வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறி வந்தான். மேடம் அவனுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். மேடம் பையிலிருந்து ரிஜிஸ்தரையும் கடிதத்தையும் எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"உள்ள போயி அந்த வரிய நீயே எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். அதே வரி, அதே 312.

"நீ எழுதினது பன்னெண்டு. அதத் திருப்பி அனுப்பு."

காலண்டர் தாளில் எழுதினேன். பழைய பன்னிரண்டைப் பதினாறுக் கணக்கில் போட்டால் சி வரும், இரண்டு இடத்துக்கு எழுதினால் 0c. மூன்றோடு சேர்த்தால் 30c. மிஷினில் இருந்தது 312. நான் போன வழியில் திரும்பி வரவில்லை. ஏணியோடு துரத்தப்பட்ட லைன்மேனை நினைத்தேன். அதே தப்பு. எழுத்து இல்லாத, வெறும் எண்ணாக, எனக்குத் தெரிந்த மாதிரி இருந்த எண்.

"இப்போ சரியாப் போடு."

ஒன்றுக்குப் பதினாறு, கூட இரண்டு. பதினெட்டு. திருப்பி மாற்றினேன், 312 வந்தது. ரிஜிஸ்தரில் ஒரு திருத்தம்கூட இல்லை. மூன்றாவது லைன் பக்கத்தில் விரலைக் கீழே இறக்கினேன். பதினெட்டுக்கு நேரே மேடத்தின் பெயர் இருந்தது.

முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா, அவசரப்படாத" என்றார் மெதுவாக. "பன்னெண்டுன்னு நேத்தே வாயால சொல்லியாச்சி. ஊரும் அதத்தான் சொல்லுது. இந்தக் கணக்கெல்லாம் அங்க எவனுக்குப் புரியப்போவுது? கையெழுத்து போட்டுட்டு வுட்டுடு."

"பன்னெண்டாம் நம்பரு வூட்டுக்காரன் இன்னா பண்ணான் சார்?"

முதலாளி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வூட்ல ரெண்டே பேரு. அதுல ஒண்ணு நானு" என்றார் மேடம். "ஆறு மாசத்துக்கு முன்னால அந்த நர்ஸுப் பொண்ணக் கட்டிவெக்கச் சொல்லி இவன் கேட்டான். நானும் போயிக் கேட்டன். அவங்க வேணாம்னுட்டாங்க. சரின்னு சொன்னான். சரின்னு சொன்னத நானும் ஒத்துகிட்டன்."

தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. செல்போனை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மேடம்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். முதலாளியிடம் நான் சொன்னது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

அவர் கையமர்த்தினார். என் எதிரில் உட்கார்ந்தார். கிளிப்பிலிருந்து ஒரு புதுத் தாளை உருவி என் பக்கம் தள்ளினார். முந்தின நாள் தேதித் தாள், தேர் என்று சிவப்பில் போட்டிருந்தது.

"நான் வூட்ல போயி எத்தினியோ வாட்டி போட்டுட்டன்பா. தூங்கல. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சி. நான் தப்புப் பண்ணியிருப்பன். நீயும் அவசரத்துல போட்டிருப்ப. இன்னொரு வாட்டி போடு."

இரண்டு தடவை சரியாக வந்தால் மூன்றாம் தடவை பார்க்கக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான். "அப்புறம் சந்தேகம் நம்மமேலதான்" என்பார். அதை அவருக்கு நினைவுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தேன். அவர் வாயைப் பார்த்தேன், வாய்ப்பாடு சொல்கிறாரா என்று. உதடு அசையவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு மெதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுதினேன். எங்காவது தப்பு இருக்காதா என்று எனக்கும் ஆசையாக இருந்தது. ஒன்றுக்குப் பதினாறு. கூட இரண்டு.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தார். கடிதத்தில் நான் அடித்திருந்த பன்னிரண்டை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே பதினெட்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். காலண்டர் தாளையும் அதோடு வைத்து மடித்தார்.

"எந்திரிடா" என்றார் தம்பியிடம். "ஸ்டேஷனுக்கு நடந்தே போலாம்."